தாசுக்கு வைத்த சுடுதண்ணீர்

அம்மா,

இன்று காலை ஜெனி சமையலறையை இரண்டாகப் பிரித்தாள். எடுத்துப்போகிற சாமான் ஜன்னல் பக்கம், விட்டுப்போகிற சாமான் கதவுப் பக்கம். நீ சுடுதண்ணீர் வைக்கிற தேக்சாவைக் கதவுப் பக்கம் வைத்தாள். என் மகளைக் குறை சொல்ல முடியாது. அடியெல்லாம் கரி, ஒரு காது கழன்று கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, மூடி வேறு ஏதோ பாத்திரத்துடையது. யார் வீட்டுப் பெண்ணும் அதைக் கதவுப் பக்கம்தான் வைப்பாள். அவள் ஆபீஸ் மீட்டிங் என்று அறைக்குள் போனதும் நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே முகத்தை விட்டால் உப்புத் தண்ணீர் வாசனையும் பழைய விறகுப் புகையும் சேர்ந்து வருகிறது. உன் புடவைகளில்கூட உன் வாசனை தங்கவில்லை. இதில் தங்கியிருக்கிறது.

உனக்குச் சேதி சொல்ல வேண்டும். பெங்களூரில் இந்த லிங்கராஜபுரம் வீட்டைக் காலி பண்ணுகிறோம். ஓனரம்மாவின் மகன்கள் இடத்தை பில்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓனரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவம், அவளையே எந்த மகன் வைத்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லை. ஜெனி எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோராவது மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறாள். நாளைக் காலை லாரி வருகிறது.

இதைக் கேட்டதும் நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். வீடு பெரியதா, தண்ணீர் வருமா என்றெல்லாம் கேட்க மாட்டாய். "அப்போ தாசு வந்தா?" என்பாய். அதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன். பதில் கிடைத்துவிட்டது என்று எழுதவில்லை. பதில் இல்லை என்று உன்னிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா?

தாசு அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியாததை நான் எழுதப் போவதில்லை. ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கு மூச்சு வரும் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள். உனக்குப் பொறுமை கிடையாது, தெரியும்.

கோலார் தங்கவயலில் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த நம் லைன் வீடுகளில், ஆம்பிளை சுரங்கத்திலிருந்து ஏறி வருகிற நேரத்துக்கு அடுப்பில் சுடுதண்ணீர் இருக்க வேண்டும். கண்ணிமையில்கூடப் பாறைத் தூளோடு வருகிறவர்கள், குளிக்காமல் சோற்றில் கை வைக்க முடியாது. ஷிப்ட் முடிகிற சங்கு ஊதினால் வீட்டுக்கு வீடு தேக்சா அடுப்பில் ஏறும். அது அந்த ஆளுக்கென்று வைத்த தண்ணீர். அவன் வந்து குளிக்கிற வரைக்கும் வேறு யாரும் தொடக்கூடாது. சின்ன வயதில் நான் ஒருமுறை அதில் ஒரு சொம்பு மொண்டு முகம் கழுவப் போய் உன்னிடம் முதுகில் வாங்கினேன். "உள்ள போனவன் இன்னும் மேல வரல, அவன் தண்ணியில கை வெக்கிறியா நீ?" என்றாய். அப்பா வந்து, போகட்டும் விடு, குழந்தைதானே என்றார். உனக்கு ஆறவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாய்.

சில நாள் பூமிக்குள் பாறை வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடும், சுவரிலிருந்து மண் உதிரும். வெளியூர்க்காரர்கள் என்றால் உயிர் பிழைக்கத் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். நம் லைன் பெண்கள் ஓட மாட்டார்கள். இப்போது எந்த ஷிப்ட், யார் உள்ளே என்று ஒரு கணம் யோசிப்பார்கள். தன் ஆள் உள்ளே என்றால் முதலில் தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் சுரங்க வாசலுக்கு நடப்பார்கள். தண்ணீர் வைத்தாயிற்று, இனி அவன் வந்தே ஆக வேண்டும் என்கிற மாதிரி.

அப்பா உள்ளே இருந்தபோது பாறை வெடித்த அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தேன். நீ தண்ணீரை ஏற்றிவிட்டுப் போயிருந்தாய். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொல்லியிருந்தாய். அவன் விறகைத் தள்ளித் தள்ளி விடியும்வரை உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் நீ திரும்பி வந்தாய், உன் பின்னால் கம்பெனி ஆள் வந்தார். அவர் பேசி முடிக்கிற வரை நின்று கேட்டாய். பிறகு உள்ளே போய், கைப்பிடித் துணிகூட இல்லாமல் தேக்சாவை இறக்கி, குளிக்கிற கல்லில் உட்கார்ந்து, அப்பாவின் தண்ணீரைப் புடவையோடு உன் தலையில் ஊற்றிக்கொண்டாய். அதுவரை வாயை மூடிக்கொண்டு நின்ற லைன் பெண்கள் அப்போதுதான் அழ ஆரம்பித்தார்கள். அவனுக்கு வைத்த தண்ணீரை அவளே ஊற்றிக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்று பொருள். அதற்கு முன்னால் யாரும் அழக்கூடாது. இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்குப் பதிலாக உனக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது, வீடும் நிலைத்தது. அண்ணன் வளர்ந்ததும் சுரங்கத்தில் சேர்ந்துகொள்கிறேன் என்று வந்து நின்றான். நீ துடைப்பத்தை எடுத்தாய். "பூமிக்குள்ள போறது உங்கப்பாவோட போச்சு. நீ மேல இரு. வெளிச்சத்துல இரு. அது போதும் எனக்கு."

வெளிச்சம் என்றால் பெங்களூர். நம் தாத்தாவுக்குக் குடியாத்தம் பக்கத்துப் பஞ்சத்திலிருந்து தங்கவயல்தான் வெளிச்சமாக இருந்திருக்கும். அவர் தம்பி ரங்கூனுக்குப் போனாராம், திரும்பவே இல்லையாம். அவருக்கு யாராவது சுடுதண்ணீர் வைத்துக் காத்திருந்தார்களா என்று உன்னைக் கேட்டேன். "ஊர்ல அடுப்பு மூட்டவே ஆளு இல்லியேடி, எல்லாரும்தான் கெளம்பிட்டாங்களே" என்றாய். நம் குடும்பம் வெளிச்சத்தைத் தேடிப் போன கதை இவ்வளவுதான்.

அண்ணன் பெங்களூரின் மேற்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். தினமும் விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருவான். தலையெல்லாம் இரும்புத் தூள், கையெல்லாம் எண்ணெய். நீ பழையபடி தேக்சாவை ஏற்ற ஆரம்பித்தாய். "நான் மேலதானம்மா வேல செய்றேன், எனக்கு இன்னாத்துக்கு?" என்று சிரிப்பான். ஆனால் நீ வைக்காவிட்டால் விடமாட்டான். கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு சொம்புக்கும் "ஆ... ஆ..." என்று லைனே கேட்கக் கத்துவான். இந்த லைனில் நான்தான் மகாராஜா என்பான். பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டு, உன் மகாராஜாவுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை என்பாள். உனக்குப் பெருமை தாங்காது. அந்த ஒரு சில வருடங்கள் உன் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

காவிரிக் கலவரம் வந்தது. ரயில் நின்றுபோனது. பெங்களூரில் தமிழாட்கள் இருந்த குடிசைகளை எரிக்கிறார்கள் என்று ரேடியோ சொல்லாததையெல்லாம் ஊர் சொன்னது. அண்ணன் வரவில்லை. நீ தண்ணீரை ஏற்றினாய், காலையில் ஆறியதைக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாய், மாலையில் மறுபடி ஏற்றினாய். ரயில் ஓட ஆரம்பித்த முதல் நாளே நீயும் நானும் பட்டறைக்குப் போனோம்.

பட்டறை முதலாளி கன்னடக்காரர், நல்ல மனுஷன். உன்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் சொன்னதை நாம் இருவரும் கேட்டோம். அதற்கப்புறம் கடைசிவரை அதைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை. இப்போது எழுதுகிறேன், கோபப்படாதே.

"வெளிய போக பேடா தாசு, ரெண்டு நாள் இங்கயே இருன்னு உள்ள வெச்சு கதவ பூட்டியிருந்தேன் ம்மா. மத்தியானம் நான் சாப்பாடு வாங்கப் போன டைம்ல பின்பக்கமா போய்ட்டான். ராத்திரியெல்லாம் ஒரே பேச்சு. எங்கம்மா சுடுதண்ணி வெச்சிட்டு ஒக்காந்திருக்கும், நான் போகலேன்னா ஊத்திக்கும், ஊத்திக்கும்னு. எனக்கு அது என்னன்னு புரியல ம்மா."

அவருக்குப் புரியவில்லை. நமக்குப் புரிந்தது. நீ பட்டறையின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாய். கதவைப் பூட்டிக் காப்பாற்றிய ஒரு மனிதரை மீறி, உன் தண்ணீருக்குப் பயந்து அவன் தெருவில் இறங்கியிருக்கிறான். நீ அழவில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாய்.

அப்புறம் தேடினோம். ஆஸ்பத்திரிகள், பிணவறை, போலீஸ் ஸ்டேஷன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஓடிவந்தவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடங்கள். ஓசூரில் ஒரு லாரி டிரைவர், போட்டோவைப் பார்த்து, இப்படி ஒரு பையன் சட்டை கிழிந்து ஏறினான் என்றார், வழியில் எங்கே இறங்கினான் என்று கவனிக்கவில்லை என்றார். அவன்தானா என்று அழுத்திக் கேட்டால் தெரியாது என்றார். ஏறினான் என்ற அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு நீ மிச்ச ஆயுளை ஓட்டினாய். அந்த டிரைவர் நம்மைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொல்லியிருப்பார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

அன்று ஊர் திரும்பி விளக்கைக்கூடப் போடாமல் நீ அடுப்பை மூட்டினாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னும் அவன் வருவான் என்று நம்புகிறாயா என்று கத்தினேன். நீ ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"வருவான்னா வெக்கிறேன்? வந்தா இருக்கணுமில்ல."

கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பெயரெல்லாம் கோவிலில் வாசிப்பார்கள். அப்பா பெயரை மட்டும் கொடுப்பாய். ஃபாதர் ஒருமுறை தயங்கித் தயங்கி, தாசுக்கும் ஒரு பூசை வைக்கலாமே என்றார். அடுத்த மூன்று ஞாயிறு நீ அந்தக் கோவில் பக்கமே போகவில்லை.

சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றது. லைனில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. பூட்டு விழாத வீடுகளில் பிள்ளைகள் விடியற்காலை ரயிலுக்கு ஓடினார்கள். நான் கல்யாணமாகி லிங்கராஜபுரத்துக்கு வந்துவிட்டேன். நீ மட்டும் அசையவில்லை. கூப்பிட்டால், அவனுக்கு வேறு எந்த வீடு தெரியும் என்பாய். ஒரு மழைக்காலத்தில் கூரை பாதி உள்ளே விழுந்தது, விழுந்த ஓடு உன் தோளில் பட்டது. அப்போதும் நீயாக வரவில்லை. முனியம்மா அக்கா, தாசு வந்தால் நான் சொல்ல மாட்டேனா என்று சண்டை போட்ட பிறகுதான் கிளம்பினாய்.

கிளம்புகிற அன்று ஒரு டப்பா நீலப் பெயின்ட் வாங்கிவரச் சொன்னாய். கதவில் இந்த வீட்டு விலாசத்தை எழுதச் சொன்னாய். லிங்கராஜபுரம், சர்ச்சுக்குப் பின் தெரு, வீட்டு நம்பர். நான் எழுதினேன், நீ பின்னால் நின்றுகொண்டு இன்னும் பெரிசாக, இன்னும் பெரிசாக என்றாய். உனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அண்ணன் தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும் என்று உனக்குக் கணக்கு. அதற்கப்புறம் வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறைக்குப் போகும்போதெல்லாம் பெயின்டையும் பிரஷ்ஷையும் பூக்கூடைக்குள் வைத்துக்கொண்டு போனோம்.

இங்கே வந்தும் தேக்சாவை விடவில்லை. என் வீட்டுக்காரர் பொறுமைசாலி, கீஸர் இருக்கே அத்தை என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். நீ முறைத்த முறைப்பில் மனிதர் அடுத்த நாளிலிருந்து சாயங்காலமானால் தானே தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துவிட்டு ஆட்டோ எடுக்கப் போவார். கொரோனாவில் அவர் போனபோது முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை. அன்றும் நீ அண்ணனுக்குத் தண்ணீர் வைத்தாய். அன்று எனக்கு உன்மேல் வெறுப்பாக இருந்தது. இருந்ததைச் சொல்கிறேன்.

அதற்கப்புறம்தான் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் மெட்ரோவுக்குப் பூமிக்கடியில் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு சாயங்காலம் தரை லேசாக அதிர்ந்தது. அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுத்தன. தெருவில் எல்லோரும் வெளியே ஓடினார்கள், ஓனரம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் உன்னை இழுத்துக்கொண்டு ஓட உள்ளே வந்தால், நீ நிதானமாக அடுப்பைப் பற்றவைத்துத் தேக்சாவை ஏற்றிக்கொண்டிருந்தாய். ஏற்றி முடித்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "எந்த ஷிப்டு?" என்றாய்.

என்னால் உன்னைத் தடுக்க முடியவில்லை. உன்னோடு நடந்தேன். நீ எப்படித்தான் வழி கண்டுபிடித்தாயோ, நேராக அந்தத் தகரத் தடுப்பு போட்ட இடத்துக்குப் போய் நின்றாய். ஷிப்ட் மாறுகிற நேரம். ஹெல்மெட் போட்ட ஆட்கள் முகமெல்லாம் சேறும் தூளுமாக ஏறி வந்தார்கள். ஜார்க்கண்ட், பீகார் பக்கத்து ஆட்கள், தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. தங்கவயலில் பாய் கடையில் பேசிப் பழகிய உருது உனக்குக் கைகொடுத்தது. மீசை வைத்த ஒரு ஆளை நிறுத்தி, "அந்தர் கோயி ஹை க்யா?" என்று கேட்டாய். உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று.

அவன் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். "சப் ஊப்பர் ஆ கயே, மாஜீ" என்றான்.

எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். அதை ஒருவர் உன்னிடம் சொல்ல எத்தனை வருடமாயிற்று, அம்மா. "எல்லாம் ஏறிட்டாங்களாம்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாய். வழியில் கொத்தமல்லி வாங்கினாய். அந்த ராத்திரி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாய்.

அதிலிருந்து சாயங்காலமானால் அங்கே போய் நிற்பாய். அந்த ஆட்களுக்கும் பழகிவிட்டது. நீ கேட்பதற்கு முன்பே கையை உயர்த்தி, சப் ஆ கயே என்பார்கள். அந்த மீசைக்காரன் ஒருநாள் போனில் தன் அம்மாவின் படத்தை உனக்குக் காட்டினான். நீ அவன் தலையிலிருந்த சிமென்ட் தூளைத் தட்டிவிட்டாய். சுரங்கம் தோண்டி முடிந்ததும் அவர்களை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். தகரத் தடுப்பின் முன்னால் நீ நின்றுகொண்டிருந்தாய், ஒருவரும் வெளியே வரவில்லை. அன்றைக்குப் பிறகு நீ தேறவில்லை என்பதுதான் உண்மை. டாக்டர் வேறு என்னென்னவோ சொன்னார்.

நீ போன அன்று காலையில் அடுப்பின்மேல் முந்தின நாள் நீ வைத்த தண்ணீர் இருந்தது. எழுந்திருக்க முடியாத நிலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன்னைக் குளிப்பாட்ட அக்கம்பக்கத்துப் பெண்கள் சுடுதண்ணீர் கேட்டார்கள். ஓனரம்மா நல்லெண்ணத்தில் அந்தத் தேக்சாவைத் தூக்கினாள். நான் பாய்ந்து போய்ப் பிடித்தேன். "பேடா ஆன்ட்டி, அது எங்க அண்ணனுக்கு" என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வேறு பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சி உன்னைக் குளிப்பாட்டினோம். சாயங்காலம் கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும், கை தானாகப் போய் அடுப்பைப் பற்றவைத்தது. அன்றிலிருந்து நான் வைக்கிறேன்.

கடைசியாகக் கல்லறைத் திருநாளுக்குத் தங்கவயலுக்கு நான் மட்டும் போனேன். பெயின்டையும் கொண்டுபோனேன். நம் வீட்டில் கதவு இல்லை, அம்மா. சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், யாரோ விறகுக்கு. உள்ளே ஆடு கட்டியிருந்தது. முனியம்மா அக்காவும் ஓசூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். விலாசத்தை எழுத ஒரு சுவர்கூட உருப்படியாக இல்லை. குளிக்கிற கல் மட்டும் இருந்தது. அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பெயின்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மத்தியானம் ஜெனி மீட்டிங் முடித்து வந்தாள். என் மடியில் தேக்சாவைப் பார்த்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். நான் பெயின்ட் டப்பாவைக் காட்டி, இந்த வீட்டுக் கதவில் எலெக்ட்ரானிக் சிட்டி விலாசத்தை எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

"மம்மி, அடுத்த வாரம் ஜேசிபி வந்து கதவோட சேர்த்து இடிச்சிருவாங்க. மாமா இருந்தா இந்நேரம் கெழவர். ஆயா இருந்த வரைக்கும் நான் ஒரு வார்த்த சொன்னேனா? நீயும் இப்படியே உக்காந்துட்டா நான் எப்படி நிம்மதியா கெளம்புவேன்?"

கிளம்புவது என்றால் ஜெர்மனிக்கு. கம்பெனியில் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. பதினோராவது மாடியில் நான் இருப்பேன். கீழே கேட்டில் பேரைச் சொல்லி, போன் பண்ணிக் கேட்டு, அப்புறம்தான் யாரையும் மேலே விடுவார்கள். அண்ணன் எந்தப் பேரைச் சொல்லுவான்? ரங்கூன் போன தாத்தாவின் தம்பியை ஊரில் யாரும் தேடவில்லை. அண்ணனை நீ தேடினாய். உனக்கு நான் இருந்தேன். எனக்குப் பிறகு அவன் பேரைச் சொல்ல இந்த ஊரில் ஒருவருமில்லை. ஜெனியின் பிள்ளைகளுக்கு இது தெரியக்கூடத் தெரியாது. தெரிய வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

அவள் மறுபடி அறைக்குள் போனாள். நான் யோசித்தேன். அண்ணனுக்குக் கல்லறை இல்லை, பூசை இல்லை, கோவிலில் பேர் வாசிக்கவில்லை. அவனுக்காக ஒருவரும் வாய்விட்டு அழவில்லை, நீ தண்ணீரை ஊற்றிக்கொள்ளாததால் யாருக்கும் அழ உரிமை இல்லாமல் போயிற்று. நீ ஊற்றிக்கொள்வாய் என்று பயந்து அவன் ஓடினானே என்றுதான் நீ கடைசிவரை ஊற்றிக்கொள்ளவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீடு போன பிறகு அவன் வந்து நிற்க உலகத்தில் ஒரு வாசலும் கிடையாது. அவனை இன்னும் எத்தனை நாள் நடக்க வைப்பது, அம்மா? அவன் ஊர் வந்து சேரட்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் தேக்சாவில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினேன். நன்றாகக் காய்ந்ததும் இறக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். புடவையோடு உட்கார்ந்தேன். முதல் சொம்பை மொண்டேன். ஊற்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஊற்றிக்கொண்டேன். அவன் கத்துவது போல, "ஆ" என்று ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. பிறகு அழுதேன். அவன் தங்கை அழ வேண்டிய அழுகையை இத்தனை வருடம் கழித்து எலெக்ட்ரிக் பல்பு வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன். ஜெனி கதவைத் தட்டினாள், நான் திறக்கவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். லைன் பெண்களுக்கெல்லாம் அதோடு முடிந்தது, உனக்கும் அப்பா விஷயத்தில் முடிந்தது. எழுந்து, புடவை மாற்றி, தலையைத் துவட்டி, தேக்சாவைத் துலக்கினேன். ஜெனி சொன்ன மாதிரி கதவுப் பக்கம் வைக்கத்தான் துலக்கினேன். துலக்கிய கையோடு அதைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்திருக்கிறேன். தூக்கி அடுப்பில் வைத்து மூடியும் போட்டிருக்கிறேன். பற்றவைத்த தீக்குச்சி விரலைச் சுட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அவன் வரமாட்டான், அம்மா. நானே என் கையால் ஊற்றி முடித்துவிட்டேன். தண்ணீர் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கிறது.